பழைய கிட்டார், பலாப் பலகை, பத்தாயிரம் ரூபாய்

குழித்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் மாடலைப் பார்த்துச் செய்த மலிவான எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று கிடக்கிறது. சுருதி நிற்பதில்லை, கழுத்தில் (நெக்) குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்களில் பாதியில் ஸ்ட்ரிங் கிர்ரென்று அடிக்கிறது. போன வருடம் வெட்டிய பலாமரத்தின் பலகை ஒன்றும் இருக்கிறது. கையில் பத்தாயிரம் ரூபாய். அந்தப் பலகையில் புதிதாக ஒரு கிட்டார் செய்யலாமா, பழையதற்கே நல்ல பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வாங்கி மாட்டலாமா, கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் முடியுமா என்பது கேள்வி.

இரண்டு கிட்டாருமே கைகூடும் தம்பி, ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய கிட்டாரை இப்போதே எடுத்துச் சரிசெய்யுங்கள். பலாப் பலகை காயட்டும். பிக்கப் வாங்கும் யோசனையை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் சர்ச் கொயரில் வாசிக்கிற பையன்கள் நிறையப் பேர் முதல் வேலையாக பிக்கப்பைத்தான் மாற்றுகிறார்கள். நெக்கின் உச்சியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் காடிபோட்ட துண்டான நட் சரியில்லாமல், ஃபிரெட் மட்டமில்லாமல் இருக்கும் கிட்டாரில் எவ்வளவு விலையுயர்ந்த பிக்கப்பைப் போட்டாலும், அந்தக் கிர் சத்தத்தை அது இன்னும் தெளிவாகக் கேட்க வைக்கும், அவ்வளவுதான். கிட்டாரில் காசும் கவனமும் போக வேண்டிய இடம் நெக். விரல் படுவதும் அங்கேதான், சுருதி நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

முதலில் உங்கள் பழைய கிட்டாரின் நெக் தேறுமா என்று பாருங்கள். முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். ஆறாவது, அதாவது மிகத் தடித்த, ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு மட்டும் நுழைகிற அளவு, அதாவது 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அதிகமாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று முறுக்கி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம். டிரஸ் ராட் வேலை செய்து, நெக் முறுக்கிக்கொள்ளாமலும் இருந்தால் அந்த நெக் உங்களுக்குப் போதும். அடுத்த வருடம் பலாவில் செய்யும் பாடிக்கும் (கிட்டாரின் உடல் கட்டை) அதையே மாட்டிக்கொள்ளலாம். நெக் முறுக்கிப் போயிருந்தால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், பத்தாயிரத்தில் ஏறக்குறைய பாதியை ஒரு நல்ல ரெடிமேட் நெக்குக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது ஃபிரெட். அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் ஒரு முழ நீளத்துக்குச் சதுரக் குழாய்த் துண்டு கேளுங்கள், வெட்டிப் போட்டதே கிடைக்கும். அதைக் கண்ணாடிமேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்து, ஆடாத பக்கத்தில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை இரட்டை ஒட்டு டேப்பால் ஒட்டுங்கள். கிட்டாரின் ஸ்ட்ரிங்கைக் கழற்றி, டிரஸ் ராடைச் சரிபண்ணி நெக்கைக் கோடுபோல நேராக்கி, ஃபிரெட்களுக்கு நடுவே மரம் தெரியாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தூக்கிக்கொண்டிருக்கும் ஃபிரெட் ஏதாவது இருந்தால் முதலில் அதை அழுத்திப் பிடித்து ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஃபிரெட்டின் தலையிலும் கறுப்பு மார்க்கரால் மை பூசுங்கள். இப்போது அந்தக் குழாயை நெக் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம், குழாயின் எடையே போதும். நாலைந்து முறை தேய்த்ததுமே எந்த ஃபிரெட்டில் மை அழிந்திருக்கிறது, எதில் அப்படியே இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். மை அப்படியே நிற்பது பள்ளமான ஃபிரெட், அழிந்தது மேடு. எல்லா ஃபிரெட்டிலும் மை ஒரு மெல்லிய கோடாவது அழியும் வரை தேய்த்து, அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தேய்ப்பது ஃபிரெட்டின் ஆயுளைத் தின்பது.

தேய்த்த பிறகு ஃபிரெட்டின் தலை தட்டையாகியிருக்கும். தட்டைத் தலையில் சுருதி தெளிவாக விழாது. ஒரு சின்ன முக்கோண அரத்தின் மூன்று விளிம்புகளையும் சாணைக்கல்லில் மழுக்கி, ஃபிரெட்டின் இரண்டு பக்கமும் சரித்துத் தேய்த்து, உச்சியில் மயிரிழைபோல ஒரு மைக்கோடு மட்டும் மிஞ்சும்படி உருட்டி எடுங்கள். அப்புறம் 800, 1000, 2000 என்று வாட்டர் பேப்பர் மாற்றி மாற்றி மெருகேற்றுங்கள். ஸ்டீல் உல் பயன்படுத்துவதானால் பிக்கப்பை டேப்பால் மூடிவிட்டுத்தான் தொட வேண்டும். அதன் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. ஒரு சனிக்கிழமை முழுக்க இந்த வேலையே எடுத்துக்கொள்ளும். பழைய கிட்டார் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எதுவும் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

சுருதி நிற்காததற்கு முதலில் நட்டைத்தான் சந்தேகப்படுங்கள். நெக்கின் தலையிலுள்ள ட்யூனர் முறுக்காணியைத் திருகும்போது சுருதி கொஞ்ச நேரம் நகராமல் நின்று, பிறகு ‘டிங்’ என்று ஒரு குதி குதிக்கிறதா? ஸ்ட்ரிங் நட்டின் காடியில் சிக்குகிறது என்று அர்த்தம். காடியை அகலப்படுத்த வெளிநாட்டு அரம் செட் விலைக்கு உங்கள் பட்ஜெட்டே போய்விடும். கேஸ் வெல்டிங் பட்டறையில் நாசில் குத்த வைத்திருக்கும் கம்பிச் செட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு தடிமன், மேலெல்லாம் அரம்போலச் சொரசொரப்பு. தடித்த நாலு ஸ்ட்ரிங்குக்கு அது கச்சிதம், மெல்லிய இரண்டுக்குப் பிளேடு போதும். மூன்றாவது ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்தினால் முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு தாள் தடிமனுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமிருந்தால் காடியை இறக்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, ட்யூனர் பக்கம் சரிவாக. கடைசியில் 2பி பென்சிலைக் காடிக்குள் உரசி விடுங்கள். பிளாஸ்டிக் நட் உடைந்திருந்தால் எலும்பு நட் வாங்குங்கள். சாமர்த்தியம் இருந்தால் இறைச்சிக் கடையில் மாட்டுத் தொடை எலும்பு வாங்கி, சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொழுப்பை எடுத்து, நிழலில் காயவைத்துச் செதுக்கலாம். நம் ஊரில் எலும்புக்கா பஞ்சம்?

பின்பக்க மூடியைத் திறந்து, சுருதியை ஆட்டிக் காட்டும் நெம்புகோல் அமைப்பான டிரெமோலோவின் கட்டைக்கும் பாடிக்கும் நடுவே அளவாக ஒரு மரத்துண்டைச் செருகி அடைத்துவிடுங்கள். மலிவு டிரெமோலோ ஒவ்வொரு முறை அசையும்போதும் வேறு இடத்தில் வந்து நிற்கும். அதை அசையவிடாமல் செய்தாலே சுருதிப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஆறாவது ஸ்ட்ரிங் 2 மில்லிமீட்டர், முதல் ஸ்ட்ரிங் 1.5 மில்லிமீட்டர் உயரம் வையுங்கள். அதே ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிட்டு, அழுத்தும்போது சுருதி ஏறினால் சாடிலை (பாடிப் பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் சின்னத் துண்டு) பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கினால் முன்னுக்கு.

சரி, பலாப் பலகைக்கு வருவோம்.

பலாவில் செய்யலாமா என்று சந்தேகமே வேண்டாம். தஞ்சாவூர் வீணையே பலாவில்தான் குடைகிறார்கள், மிருதங்கக் கட்டையும் பலாதான். ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரின் கணக்கு வேறு. இங்கே பிக்கப் கேட்பது இரும்பு ஸ்ட்ரிங்கின் அசைவை. மரம் உறுதியாக இருக்க வேண்டும், திருகாணியைக் கவ்விப் பிடிக்க வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் வளையக் கூடாது. இதைத் தாண்டி எந்த மரம் என்பதற்கு நான் பெரிய விலை கொடுக்கமாட்டேன். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நாலு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் ஸ்ட்ரிங் கட்டி, ஒரு பழைய கிட்டாரின் பாடியை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டித்தான் சோதித்துப் பார்த்தார். டான்எலக்ட்ரோ கம்பெனி 1950-களில் மரச்சட்டத்தின்மேல் ஹார்ட்போர்டு அட்டையை ஒட்டியே கிட்டார் விற்றது, அவற்றை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். ஆகவே ஈட்டி மரம் வேண்டும், தேக்கு வேண்டும் என்று அலையாதீர்கள். ஈட்டியைப் பட்டா நிலத்தில்கூட இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி தமிழ்நாட்டில் 1994-இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். களியக்காவிளை எல்லை தாண்டி யாரோ மலிவாகத் தருகிறார்கள் என்று அனுமதிச் சீட்டில்லாத மரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் பலகையில் கவலைப்பட வேண்டியது ஈரம். குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. காற்றில் ஈரம் குறைவதே தை மாசியில்தான். அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது காற்றில் உலர்த்துவதன் பழைய கணக்கு. கிட்டார் பாடி 45 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் அங்குலம். போன வருடம் வெட்டிய மரம் இந்த வருடம் தயாராக இருக்காது. இரண்டு முனையிலும் பெயின்டோ மெழுகோ பூசுங்கள், இல்லையென்றால் முனை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். தரையில் வைக்காமல், கீழே மூன்று சட்டம் கொடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் படுக்கப்போடுங்கள். மொட்டைமாடி வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் பலகை வில்லாக வளைந்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஈரமானி தேவையில்லை. கிட்டார் பாடியைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் கூடுதலாக விட்டு முதலில் தோராயமாக அறுத்துக்கொள்ளுங்கள், சின்னத் துண்டு சீக்கிரம் காயும். அதைப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் பென்சிலால் பலகையிலேயே எழுதுங்கள். மாதாமாதம் நிறுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். ஆரம்பத்தில் மளமளவென்று குறையும், பிறகு பத்து இருபது கிராமாகச் சுருங்கும். தையிலும் மாசியிலும் ஒரே எடை காட்டினால் பலகை தயார். மழைக்காலத்தில் எடை நின்றுபோனதை நம்பாதீர்கள். அப்போது மரம் காற்றின் ஈரத்தோடு சமமாகி நிற்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் பழைய மரம் தேடுங்கள். நம் பக்கத்தில் ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள். கதவு நிலை, உத்திரம், பத்தாயப் பலகை எல்லாம் பலாவும் அயினியுமாக விலைக்கு வருகிறது. ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரத்தை எந்த மில்லிலும் வாங்க முடியாது. ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு அறுக்கக் கொடுங்கள், இல்லையென்றால் மில்காரரின் பிளேடு போய்விடும். குயின் இசைக்குழுவின் பிரையன் மே 1963-இல் பள்ளி மாணவனாக இருந்தபோது தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாருக்கு நெக் வந்தது இப்படித்தான். பழைய வீட்டுக் கணப்பு அடுப்பின் மேல்சட்டம், ஏறக்குறைய நூறு வருடத்து மகோகனி. டிரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அதே கிட்டாரைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க மேடையில் வாசிக்கிறார். அவரும் பிக்கப்பைத் தானே கம்பி சுற்றிச் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப்பை விலைக்கு வாங்கித்தான் போட்டார்.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் மரம் தாராளம். பதப்படுத்திய ரப்பர் பலகை நல்ல தேர்வு, ஏற்கெனவே சூளையில் உலர்த்தியிருப்பார்கள். ஆனால் தோட்டத்தில் வெட்டிப்போட்ட பச்சைத் தடியை வாங்கி வராதீர்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், மருந்து ஏற்றாவிட்டால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துக் கறுக்கும், அப்புறம் வண்டு துளைக்கும்.

நெக்கையும் பலாவிலேயே செய்யலாமே என்று தோன்றும். முதல் கிட்டாருக்கு வேண்டாம். ஃபிரெட் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. 648 மில்லிமீட்டர் ஸ்கேலை (நட்டிலிருந்து சாடில் வரையுள்ள ஸ்ட்ரிங் நீளம்) 17.817-ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36.37 மில்லிமீட்டர், மிச்சமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, இப்படியே போகும். பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324-இல் விழும். முதல் ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் தவறினால் ஒன்றரை சென்ட் (அடுத்தடுத்த இரண்டு ஃபிரெட்டின் சுருதி வித்தியாசத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூட வராது, காதுக்குத் தெரியாது. இருபதாவது ஃபிரெட்டில் அதே அரை மில்லிமீட்டர் நாலு சென்டைத் தாண்டும். ஒவ்வொரு ஃபிரெட்டாகத் தப்பு சேர்ந்துகொண்டே போகாமல், எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து, நேராக, அரை மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள காடியாக அறுக்க வேண்டும். அந்தக் கை பழகிய பிறகு வரும்.

பாடி செய்வதில் உயிரான விஷயம் மையக்கோடு. 12 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் பாடி வடிவத்தையும் நெக் குழியையும் டெம்ப்ளேட்டாக வெட்டுங்கள். நெக்கின் அடிப்பகுதியை அளந்து வெட்டுங்கள், இணையத்தில் படித்த அளவை நம்பாதீர்கள். ஸ்ட்ராட் நெக் என்றால் பெரும்பாலும் 56 மில்லிமீட்டர் அகலம், குழியின் ஆழம் 16 மில்லிமீட்டர் இருக்கும். நெக்கைக் குழியில் வைத்து, திருகாணி போடாமலே கிட்டாரைத் தூக்கினால் விழாத அளவு இறுக்கம் வேண்டும். மரத்தில் குழி பறிக்கும் ரூட்டர் மெஷின் வாங்க வேண்டாம். லேமினேட் ஒட்டும் ஆசாரி யாரிடமும் அதன் சின்ன வடிவமான டிரிம்மர் இருக்கும், ஒரு மத்தியானம் உட்கார்ந்து செய்து தரக் கேளுங்கள், கூலியைக் கணக்காகக் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கச் சொல்லாதீர்கள், பலாவின் நார் அங்கங்கே திசை மாறும், எதிர்நாரில் பிய்த்துக்கொள்ளும்.

சாடில்களைத் தாங்கிப் பாடியில் நிற்கும் பிரிட்ஜுக்குத் துளை போடுமுன் நெக்கை மாட்டுங்கள். நட்டின் முதல் காடியிலிருந்தும் ஆறாவது காடியிலிருந்தும் இரண்டு தையல் நூலைப் பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் ஃபிரெட் போர்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் சம தூரத்தில் ஓடுகிறதா என்று கடைசி ஃபிரெட்டில் பாருங்கள். ஒரு பக்கம் ஓரத்தை ஒட்டிப் போனால் பிரிட்ஜை நகர்த்துங்கள். முதல் ஸ்ட்ரிங்கின் சாடில் ஏறக்குறைய முழுக்க முன்னால் இருக்கும்போது நட்டிலிருந்து சரியாக 648 வர வேண்டும், ஆறாவது அதற்கு மூன்று நாலு மில்லிமீட்டர் பின்னால் போகும். பழைய நெக்கின் ஸ்கேல் தெரியாவிட்டால் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். இந்த நூல் வேலைக்குப் பத்து நிமிடம்தான் ஆகும். துளை போட்ட பிறகு தப்பு தெரிந்தால் அடைத்து மறுபடி போட வேண்டியதுதான்.

ஒயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒற்றைச் சுருளுள்ள சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இரட்டைச் சுருளுள்ள ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், 0.022. குழிக்குள் முழுக்கச் செப்புத் தகடு டேப் ஒட்டி, அதை எர்த்தோடு சால்டர் செய்தால் இரைச்சல் நன்றாகக் குறையும். பிரிட்ஜிலிருந்து எர்த்துக்கு ஒரு ஒயர் கட்டாயம் போக வேண்டும்.

அந்த ஒயர்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஸ்ட்ரிங், பிரிட்ஜ், கேபிள், ஆம்ப் என்று எல்லாம் ஒரே எர்த்தில் இணைந்திருக்கின்றன. திருவிழா மேடையில் ஜெனரேட்டரிலிருந்து எர்த் இல்லாத ஒயர் இழுத்து ஆம்பை மாட்டுவார்கள், மைக் வேறொரு இணைப்பில் இருக்கும். ஆம்பில் கசிவு இருந்து, கை ஸ்ட்ரிங்கிலும் உதடு மைக்கிலும் பட்டால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் ஓடும். 1972-இல் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்ஸி ஊரில், மேடையிலேயே இப்படித்தான் இறந்தார். இரைச்சல் குறையும் என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை மைக்கின் சல்லடையிலும் தொடுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை பாடவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டு மூன்று பின் சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்பதையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் பலதில் இருக்காது.

பெயின்டுக்குச் செலவழிக்க வேண்டாம். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்சு பாலிஷைத் துணிப் பந்தில் நனைத்து மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றுங்கள். மழை நாளில் பூசினால் வெள்ளை பூத்துவிடும், வெயில் நாளாகப் பாருங்கள். பலாவுக்குச் சாயமும் தேவையில்லை. அறுக்கும்போது மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானாகவே தேன் நிறமாகிப் பழுப்புக்கு வரும்.

கிறிஸ்துமஸுக்குப் பழைய கிட்டார் நிச்சயம் தயாராகிவிடும். வாட்டர் பேப்பர், முக்கோண அரம், நாசில் கம்பி, எலும்பு நட், 9-42 தடிமன் ஸ்ட்ரிங் செட் இரண்டு, இதற்கெல்லாம் சேர்த்து பத்தாயிரத்தில் சின்னப் பங்குதான் போகும். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள், தை பிறந்து பலகை நிறுத்துப் பார்க்கும்போது பிரிட்ஜும் ட்யூனரும் வாங்க அது வேண்டும். ஸ்ட்ரிங்கை இரண்டு செட்டாக வாங்கச் சொன்னதற்குக் காரணம், ஃபிரெட் வேலையின்போது கழற்றி மாட்டி ஒன்று வீணாகிவிடும்.